வடிக்காத தண்ணீர்

பிள்ளைகளின் அம்மாவுக்கு,

நலம்தானே? இடுப்புவலி குறைந்ததா? போனில் சொன்னால் அழுவாய் என்றுதான் எழுதுகிறேன்.

சலவைக்கூடத்தில் துணி உலர்த்தும் இயந்திரங்களுக்கு நீராவிக் குழாய் இணைக்கிறோம். முந்தாநாள், குழாயில் தேங்கிய தண்ணீரை வடிக்காமல் அவசரத்தில் வால்வைத் திறந்துவிட்டேன். நீராவி தள்ளிய தண்ணீர் மோதி, சம்மட்டியால் அடித்ததுபோல் குழாய் அதிர்ந்தது.

"யோவ், மூடுய்யா!" என்று மேஸ்திரி கத்தினார். மூடுவதற்குள் ஓர் இணைப்பு பிய்ந்து, நீராவி என் காதோரம் சீறிப் போனது.

"உன் பொண்டாட்டி தாலி கெட்டிய்யா" என்றார் பிறகு. எல்லோரும் சிரித்தோம்.

எனக்கு ஒன்றுமில்லை. முழுக்கைச் சட்டை இரண்டு அனுப்பு. இனி நான் கூப்பிடும்போது குக்கரை அணைத்துவிட்டுப் பேசு. நேற்று பேச்சு பாதியில் நின்றது சிக்னலால் இல்லை. உன் குக்கர் விசிலடித்ததும் போனைப் போட்டுவிட்டுக் கட்டிலுக்கடியில் போய்விட்டேன்.

வண்டி வந்துவிட்டது.

உன் வீட்டுக்காரன்