எண்பதில் நின்ற முள்

14.10.1986, பேர்ண்

இன்று ஹீற்றர் போட்டார்கள். சாப்பாட்டுக்கடை முதலாளி கெர்பர் காலையிலேயே சமையலறைக்கு இறங்கிவந்து, பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த என்னையும் தயாநிதியையும் மேல்மாடிக்குக் கூட்டிப்போனார். வேலைதான் போகப்போகிறது என்று பயந்தேன். விஷயம் பாம்பு.

பெயர் லோலா. பிறேசில் நாட்டுப் பாம்பு. மண்ணிறம், வெளிச்சம் பட்டால் நீலமும் பச்சையுமாக மினுங்கும். அதன் கண்ணாடிப் பெட்டிக்குள் ஈரப்பதம் எண்பது வீதம் இருக்கவேண்டும். ஹீற்றர் காற்றைக் காயவைத்துவிடுமாம். காய்ந்தால் சட்டை கழற்றும்போது துண்டு துண்டாகக் கிழியும், கண்ணில் ஒட்டிக்கொள்ளும், வால் நுனியை இறுக்கி அழுகவைக்கும். அளந்து பார்க்க வட்டமாக ஒரு முள்ளுக் கருவி இருக்கிறது. கெர்பர் அதை ஈரத் துவாயில் அரை மணித்தியாலம் சுற்றிவைத்து எடுத்தார். முள் தொண்ணூற்றாறில் நிற்கவேண்டுமாம். நிற்கவில்லை. பின்பக்கத்துத் திருகாணியைத் திருப்பிச் சரிப்படுத்தினார். ஹீற்றர் போடும் நாளும் ஜனவரி இரண்டாம் திகதியும் தவறாமல் இதைச் செய்வாராம். சுவிஸ்காரன்.

எனக்கு டொச் பாஷை தெரியும், தயாநிதிக்குத் தெரியாது. அதனால் எல்லாவற்றையும் நான்தான் அவனுக்குச் சொன்னேன். வேலையும் எனக்குத்தான் என்று நினைத்தேன். கெர்பர் அவன் கைகளைப் பார்த்துவிட்டு, "இவருடைய கை அமைதியான கை. இவரே பார்க்கட்டும்" என்றார்.

நல்லது. மூன்று வருடமாக அவருடைய சட்டி கழுவுகிற கை யாருடையது?

19.10

தயாநிதி அந்தக் கருவியைச் சும்மா எங்கள் அறைக்குக் கொண்டுவந்து பார்த்தான். எழுபத்திரண்டு. சோறு வடித்த ஆவி, குளியலறைக் கயிற்றில் ஈர உடுப்பு, ஜன்னல் கண்ணாடியில் தண்ணீர் வழிகிறது. பூஞ்சணம் பிடிக்கப்போகிறது, ஒரு நாளைக்கு மூன்று தரம் ஜன்னலைத் திறவுங்கள் என்று வீடு பராமரிக்கிற மனிசி போன கிழமை கத்திவிட்டுப் போனாள்.

"பாம்பை இஞ்ச கொண்டுவந்து விட்டால் எனக்கு வேலை மிச்சம், அண்ணை" என்றான். சிரிப்பு வந்துவிட்டது.

2.11

எங்கள் இருவரின் அகதி மனுவும் கோடையிலேயே நிராகரிக்கப்பட்டுவிட்டது. மேன்முறையீடு கிடக்கிறது. இவர் இல்லாமல் என் கடை ஓடாது என்று முதலாளி கன்ரோன் அரசாங்கத்துக்கு ஒரு கடிதம் கொடுத்தால் இருக்க விடுவார்கள் என்கிறார் வக்கீல். இல்லாவிட்டால் க்ளோட்டன் விமான நிலையம், அங்கிருந்து கொழும்பு.

இன்று கெர்பரிடம் கேட்டேன். இரண்டு பேருக்காகவும்தான் கேட்டேன், அது உண்மை.

"ஒருவருக்கு எழுதலாம். இரண்டு பேருக்கு எழுதினால் அங்கே என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள்."

யாருக்கு என்றேன். யோசிக்கவேண்டுமாம். "ஆனால் லோலாவைப் பார்க்கிறவர் இல்லாமல் எனக்கு முடியாது."

பாம்புக்குத் தண்ணி விசிறுறவன் இருக்கலாம். பீங்கான் கழுவுறவன் போகலாம். அப்பிடித்தானே?

7.11

வெள்ளிக்கிழமை. தயாநிதி பெட்டிக்கு முன்னால் கைகூப்பி நின்றான். "நாகதம்பிரான் அண்ணை, சும்மா பாம்பெண்டு நினைக்கக்கூடாது." கெர்பர் ஓடிப்போய் மனைவியைக் கூட்டிவந்து காட்டினார். இருவருக்கும் கண் கலங்கிப்போனது. நான் பின்னால் அழுக்குத் துணிக் கூடையோடு நின்றேன். என்னை ஒருவரும் பார்க்கவில்லை.

பொறாமை என்று எழுதினால் என்ன. பொறாமைதான்.

11.11

செய்துவிட்டேன்.

மத்தியானம் கடை பூட்டியிருந்த நேரம். கருவியை வெளியே எடுத்தேன். அறைக் காற்றில் முள் நாற்பத்தாறுக்கு இறங்கும்வரை காத்திருந்து, பிறகு அது எண்பதைக் காட்டும்வரை திருகாணியைத் திருப்பினேன். பெட்டிக்குள் வைத்ததும் முள் நூறில் போய் முட்டிக்கொண்டது. எனக்கும் கை நடுங்கவில்லை, கெர்பர் பார்த்திருக்கவேண்டும்.

பின்னேரம் தயாநிதி பதறிப்போனான். "ஈரம் கூடிப்போச்சு அண்ணை."

"ஓம், கூடினால் சளி பிடிக்கும். தண்ணியைக் குறை, மேல்மூடியைத் திற" என்றேன்.

குறைத்தான்.

24.11

பாம்பின் கண் பால்நிறமாகிவிட்டது. சட்டை கழற்றப்போகிறது.

"அண்ணை, முள்ளு எண்பது காட்டுது. ஆனால் பெட்டிக்குள்ள விரிச்ச பாசியைப் பிடிச்சால் கையில பொருபொருக்குது. முதலாளியிட்ட ஒருக்காக் கேட்டுச் சொல்லுங்கோ."

கேட்கிறேன் என்றேன். கேட்கவில்லை.

2.12

திரும்பவும் வந்து நின்றான். முள்ளை நம்பச்சொல்லி முதலாளி சொன்னதாகச் சொன்னேன். "அவருக்குத் தெரியும்தானே" என்று போய்விட்டான். இவ்வளவு லேசாக ஒரு மனிதன் நம்பினால் நான் என்ன செய்ய?

இன்றைக்கே திருப்பி விடலாம். ஆணி அங்கேதான் இருக்கு. நாளைக்கு.

9.12

நாளைக்கு, நாளைக்கு என்று ஒரு கிழமை.

லோலாவின் சட்டை கிழிந்து, ஈரக் காகிதம் காய்ந்து ஒட்டின மாதிரி உடம்பெல்லாம் தொங்குகிறது. இரண்டு கண்ணிலும் செதில் அப்படியே இருக்கிறது. வால் நுனி கறுத்துவிட்டது. மிருக வைத்தியர் வந்து இரண்டு விரல் அளவு வெட்டினார். கெர்பர் அழுதார். எண்பத்துமூன்றில் எங்கள் வீடு எரிந்ததைச் சொன்னபோது கோப்பியைக் கலக்கிக்கொண்டிருந்த மனிதர்.

பிறகு எங்களைக் கூப்பிட்டார். ஏன் இப்படி நடந்தது என்று அவரிடம் கேள் என்றார். கேட்டேன்.

தயாநிதி சொன்னான்: "முள்ளு எண்பதிலதான் நிண்டது அண்ணை. பாசிதான் காய்ஞ்சு கிடந்தது. சந்தேகப்பட்டு உங்களிட்ட ரெண்டு தரம் சொன்னனான். அதை அவருக்கு விளக்கமாச் சொல்லுங்கோ."

நான் டொச்சில் விளக்கமாகச் சொன்னேன். பல நாள் தண்ணீர் விசிற மறந்துபோனாராம். தினமும் முள்ளின் அளவை எழுதுகிற குறிப்புப் புத்தகத்தில் எண்பது என்று சும்மா எழுதினாராம்.

நான் சொல்லச் சொல்லத் தயாநிதி தலையை ஆட்டினான். பெரியவருக்கு முன்னால் நிற்கிற மாதிரிக் கையைக் கட்டிக்கொண்டு, நான் மூச்சு விட்ட இடத்தில் எல்லாம் "யா, யா" என்று எனக்கு ஒத்து ஊதினான். அவனுக்குத் தெரிந்த டொச் அதுதான். கெர்பர் என்னைப் பார்க்கவேயில்லை. அந்தத் தலையாட்டலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நாளைக்கே போகச் சொல்லிவிட்டார்.

10.12

போய்விட்டான். ரெனான் என்ற ஊரில் அவனுடைய மச்சான் இருக்கிறான். ஒரு பையும் ஒரு போர்வையும்.

"நீங்கள் அவ்வளவு நேரம் கதைச்சும் அந்த மனிசன் கேக்கேல்லையே அண்ணை. உங்களுக்கும் ஏதும் பிரச்சினை வருமோ?"

வராது என்றேன். மச்சான் வீட்டு ரெலிபோன் நம்பரை ஒரு துண்டில் எழுதிச் சுவரில் குத்திவிட்டுப் போனான்.

அறை பெரிதாக இருக்கிறது. ஜன்னலில் தண்ணீர் வழிவதும் பாதியாகக் குறைந்துவிட்டது.

15.12

கெர்பர் கடிதத்தில் கையெழுத்து வைத்தார். என் பெயரை ஒரு பிழையும் இல்லாமல் எழுதியிருந்தார்: சந்திரகுமார்.

திருகாணியைப் பழையபடி திருப்பிவைக்க முடியவில்லை. பெட்டிக்குப் பூட்டுப் போட்டு, திறப்பைச் சங்கிலியில் கோர்த்து இடுப்பில் வைத்திருக்கிறார். வைத்தியர் சொன்னபடி ஈரத் துணிப் பைக்குள் பாம்பைச் சுற்றி மருந்து போடுகிறார். ஒருவரையும் கிட்ட விடுவதில்லை.

2.1.1987

ஜனவரி இரண்டாம் திகதி. எப்படி மறந்தேன்?

ஈரத் துவாய், அரை மணித்தியாலம். முள் நூறில் போய் முட்டிக்கொண்டு நின்றது. கெர்பர் கதிரையில் உட்கார்ந்துவிட்டார்.

"கருவிதான் பிழை. எங்கேயோ அடிபட்டிருக்கிறது. அந்த மனிதர் ஒரு தவறும் செய்யவில்லை."

நான் துவாயை எடுத்து மடித்தேன்.

"அப்படியென்றால் மறந்துவிட்டேன் என்று ஏன் ஒத்துக்கொண்டார்?"

உடனேயே சொன்னேன்: "எங்கள் ஆட்கள் அப்படித்தான். முதலாளி கோபப்பட்டால் செய்யாததையும் ஓம் என்று சொல்வார்கள்."

நம்பினார். எங்களைப் பற்றி எதைச் சொன்னாலும் நம்புகிறார்கள். பிறகு கேட்டார்: "அவர் எங்கே? கூப்பிடு. சிரித்தால் சிரிக்கட்டும், அவருக்கும் எழுதுகிறேன்."

"கனடாவுக்குப் போய்விட்டார்" என்றேன்.

"நல்லது. அங்கே சந்தோஷமாக இருக்கட்டும்." முகம் தெளிந்து, பெட்டித் திறப்பை என் கையில் தந்தார்.

அவனைத் திரும்பக் கூப்பிட்டால் முதல் நாளே அவர்கள் இரண்டு பேரும் கதைப்பினம். நான் இல்லாமல். வேற ஆரையும் வைச்சுக் கதைப்பினம். நான் என்ன செய்யிறது, சொல்லு.

25.1

ரெனானிலிருந்து தயாநிதி போன் எடுத்தான். மேன்முறையீடும் தோற்றுவிட்டதாம்.

"முதலாளியிட்ட ஒருக்கா எனக்காகக் கேட்டுப் பாருங்கோ அண்ணை. ஒரு கடிதம், அவ்வளவுதான். இப்ப கோபம் ஆறியிருக்கும்."

"கேட்டனான். மாட்டன் எண்டிட்டார்."

"லோலாவின்ர கண் எப்பிடி?" என்றான். நல்லாகிவிட்டது என்றேன். போனை வைத்த பிறகு அந்த நம்பரைச் சுவரிலிருந்து கிழித்தேன்.

17.2

கன்ரோனிலிருந்து கடிதம் வந்தது. இருக்கலாமாம். கெர்பர் வைன் திறந்தார்.

3.3

தயாநிதியின் மச்சான் கடைக்குப் போன் எடுத்தான். காலை ஐந்தரைக்குப் பொலிஸ் வந்ததாம். சப்பாத்துக் கட்ட மட்டும் விட்டார்களாம். இப்போது தயாநிதி ஆகாயத்தில் இருப்பான்.

பிறகு நூற்றிருபது பேருக்கு மத்தியானச் சாப்பாடு.

4.3

லோலா இன்று சட்டை கழற்றியது. தலையிலிருந்து குட்டை வால் வரைக்கும் ஒரே துண்டு. கெர்பர் அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, இரண்டு கண் செதிலும் முழுசாக வந்திருப்பதை எனக்குக் காட்டினார். என் தோளில் தட்டினார்.

ஞாபகத்துக்கு வைக்கவேண்டும் என்று தயாநிதியின் குறிப்புப் புத்தகத்தை எடுத்துவந்தார். பத்திரமாக வைத்திருக்கிறார், எனக்குத் தெரியாது. கடைசியாக எழுதின பக்கத்தைத் திறந்து, எதிர்ப்பக்கத்தில் சட்டையின் தலைத் துண்டை வெட்டி ஒட்டினார். திகதியும் எண்ணும் அவருக்கு விளங்குகிறது: 8.12, 80. கீழே தமிழில் மூன்று வரி. அதில் விரலை வைத்து, என்ன எழுதியிருக்கிறார் என்று கேட்டார்.

குண்டு குண்டான எழுத்து. வாசித்தேன். "முள் 80. பாசி காய்ந்து கிடக்கிறது. சந்திரண்ணையிடம் இரண்டு தரம் சொல்லிவிட்டேன், அவர் முதலாளியிடம் கேட்டுச் சொல்வார்."

"எண்பது வீதம், எல்லாம் நலம் என்று எழுதியிருக்கிறார்" என்றேன்.

கெர்பர் பேனையை எடுத்து, அந்த வரிகளுக்குக் கீழே நான் சொன்னதை டொச்சில் அழகாக எழுதினார். பக்கத்தில் என்னைக் கையெழுத்து வைக்கச் சொன்னார். வைத்தேன்.