கேத்தலில் படிந்த வெள்ளை

அடியே, கொழுந்து வந்துவிட்டது.

காலையில் ஜன்னல் திரையை விலக்கினேன். முன்னறை மூலையில் சட்டியில் நிற்கிற நம் தேயிலைச் செடியின் உச்சியில் இரண்டு இலையும் ஒரு மொட்டும். பச்சை என்றால் அப்படி ஒரு பச்சை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு போய் மறுபடியும் பார்த்தேன், இருந்தது. அடுப்பில் பால் பொங்கி வழிவதுகூடத் தெரியாமல் போனை எடுத்து உன் பெயரைத் தேடிவிட்டேன். அழுத்தப் போகும்போதுதான் உறைத்தது, நீ போய் ஏழு மாதம் ஆகிறது. ஆனாலும் இதை உன்னிடம் சொல்லாமல் இருக்க என்னால் முடியாது, அதனால் எழுதுகிறேன்.

ஸ்பிரிங்வெளித் தோட்டத்தை விட்டு நாங்கள் மொனராகலைக்குக் குடிபோன அன்று, வழியனுப்ப வந்தவர்கள் எல்லாரும் பழமும் பிஸ்கட்டும் கொடுத்தார்கள். என் கூட்டாளி நீ மட்டும் தேயிலை நாற்று ஒன்றைக் கறுப்புப் பையோடு என் மடியில் வைத்தாய். "பத்து வருஷம் தேயிலைக்குள்ளயே நின்னவ. அங்க போயி கண்ணு முழிச்சா பார்க்க ஒண்ணாவது இருக்கட்டும்" என்றாய். பஸ் கிளம்பும்போது ஜன்னலைப் பிடித்துக்கொண்டு ஒரு கட்டளையும் போட்டாய். "மொதக் கொழுந்த நீ தொடக்கூடாது. நீ நகத்தால கிள்ளுவ. நானே வந்து முறிக்கிறேன். அதுல ஒரு வாய் தேத்தண்ணி ஊத்திக் குடு."

நான் நகத்தால் கிள்ளுவது தோட்டத்துக்கே தெரிந்த சங்கதி. பக்கத்துப் பக்கத்து நிரையில்தான் நாம் கொழுந்து எடுத்தோம். உன் கூடை நிரம்பும்போது என் கூடை பாதிதான். கொழுந்து நிறுக்கப் போகிற வழியில் பின்னால் வந்து, உன் கூடையிலிருந்து ஒரு பிடியை அள்ளி என் முதுகுக் கூடைக்குள் போடுவாய். "கனமா இருக்கா?" என்பாய். திரும்பிப் பார்த்தால் திட்டு விழும்.

இங்கே வெயில் கொல்லுகிறது, அதனால் செடியை வீட்டுக்குள் ஜன்னல் ஓரம் வைத்தேன். மூன்றாம் மாதம் இலை மஞ்சளித்தது, நரம்பு மட்டும் பச்சையாக நின்றது. பசிதான் என்று நினைத்து ஒரு கை உரம் போட்டேன், இலை ஓரமெல்லாம் கருகியது. பிறகு, தோட்டத்தில் செடிகளைக் கவ்வாத்து வெட்டியதும் மலை முழுக்க வெள்ளைச் சுண்ணாம்புத் தூள், அந்த டொலமைட், தூவுவது ஞாபகம் வந்தது. கடையில் தேடி வாங்கி இரண்டு கரண்டி போட்டேன். பெரிய கெட்டிக்காரி என்று என்னையே மெச்சிக்கொண்டேன். பத்து நாளில் இருந்த பச்சையும் போய்விட்டது.

சட்டி மண்ணில் ஒரு பிடியை எடுத்துக்கொண்டு விவசாய நிலையத்துக்குப் போனேன். அங்கிருந்த ஐயா அதைத் தண்ணீரில் கலக்கி ஒரு மெஷினை விட்டுப் பார்த்தார். பீ.எச். ஏழரை என்றார். தேயிலைக்குப் புளிப்பு மண் வேண்டும், அஞ்சு அளவில் இருந்தால்தான் வேர் சத்தை இழுக்கும் என்றார். வெளியே வந்த கையோடு உனக்குப் போன் போட்டு, டொலமைட் போட்டதிலிருந்து மண்ணைக் காட்டியது வரை சொன்னேன்.

"எவ்வளவாம்?"

"ஏழரையாம்."

"அப்ப சனிதான்டி புடிச்சிருக்கு" என்று நீ சிரித்த சிரிப்பில் எனக்கு அழுகையே வந்துவிட்டது. அது தெரிந்து நீயும் சிரிப்பை நிறுத்தினாய். பிறகு சம்பந்தமே இல்லாமல் கேட்டாய்.

"ஒங்க வீட்டுல தண்ணி கொதிக்க வைக்கிற கேத்தலுக்குள்ள வெள்ளையாப் படியுதா?"

"படியுது. குழாய்க் கிணத்துத் தண்ணி. வாரத்துக்கு ஒருக்கா சுரண்டுறேன்."

"அதே தண்ணியத்தான் செடிக்கும் ஊத்துறியா?"

"வேற எத ஊத்துறது?"

"அது சுண்ணாம்புடி, கேத்தல்ல படிஞ்சா சுரண்டிப்புடலாம். வேர எப்படிச் சுரண்டுவ? அது பத்தாதுன்னு டொலமைட் வேற போட்டியாக்கும்."

"தோட்டத்துல போட்டாங்களே" என்றேன்.

"அங்க உரமும் மழையுமா மண்ணு அளவுக்கு மேல புளிச்சுப் போகும், அத அடக்கப் போட்டாங்க. ஒன் சட்டிக்குள்ள எந்த மழை பெய்யுது? சோத்தப் போட்டு வச்சிட்டு வாயக் கட்டிப்புட்டியேடி."

பெயரைத் தவிர ஓர் எழுத்தும் எழுதத் தெரியாத நீ, அந்த ஐயாவின் மெஷின் சொல்லாததை ஒரு கேத்தலை வைத்துச் சொன்னாய். அடுத்த ஞாயிற்றுக்கிழமை உர பேக் ஒன்றில் தோட்டத்து மண்ணைக் கட்டிக்கொண்டு பஸ்ஸில் வந்தே விட்டாய். உள்ளே என்ன என்று கண்டக்டர் கேட்டதற்கு, "மண்ணுங்க" என்றாயாம். அவர் நம்பாமல் பிரித்துப் பார்த்தாராம். "மொனராகலையில மண்ணு இல்லியான்னு கேக்குறாரு. இருக்குங்க, ஆனா அது எங்க புள்ளைக்கு ஒத்துக்காதுன்னேன்" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாய். பழைய மண்ணை வேரிலிருந்து உதிர்த்துப் புது மண்ணில் நட்டாய். மழைத் தண்ணீர் மட்டும்தான் ஊற்ற வேண்டும், உரம் மாதம் ஒரு சிட்டிகை, அதுவும் கரைத்து, என்று என் நெற்றியில் விரலால் தட்டித் தட்டிச் சொன்னாய்.

ஐந்து வாரம் கழித்து நெஞ்சு வலிக்கிறது என்று படுத்த நீ எழும்பவில்லை. தோட்டத்துக்கு ஓடி வந்தேன், உன் குழிக்குள் மூன்று பிடி மண் போடச் சொன்னார்கள். முதல் பிடியை எடுத்து முகர்ந்து பார்த்தேனடி. பார்த்தவர்கள் எனக்குப் பைத்தியம் என்றுதான் நினைத்திருப்பார்கள். நல்ல மண்.

வீட்டுக்குத் திரும்பி வந்தபோது செடியில் ஓர் இலைகூட இல்லை, குச்சிதான் நின்றது. தூக்கிப் போடு என்றார் என் வீட்டுக்காரர். பட்டையை நகத்தால் லேசாகச் சுரண்டினேன். உள்ளே பச்சை. இந்த நகத்துக்கும் ஒரு வேலை இருந்தது பார். கூரைத் தண்ணீரைப் பீப்பாயில் பிடித்தேன். மழை இல்லாத வாரங்களில் எங்கள் குடிதண்ணீரைப்போல அளந்து அளந்து அதற்கு ஊற்றினேன். மாதம் ஒரு சிட்டிகை உரம், அதற்கு மேல் ஒரு தூள்கூடப் போடவில்லை. போன மாதம் மண்ணை மறுபடி கொண்டுபோய்க் காட்டினேன். ஐந்தேகால். இந்த மண் எங்கே கிடைத்தது என்று ஐயா கேட்டார். என் கூட்டாளி பஸ்ஸில் கொண்டுவந்தது என்று பெருமையாகச் சொன்னேன்.

இன்றைக்குக் கொழுந்து. முறிக்காமல் விட்டால் ஒற்றைக் குச்சியாகவே உயர்ந்துவிடும், முறித்தால்தான் பக்கத்தில் கிளைக்கும். உனக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன், தொடமாட்டேன் என்று. மத்தியானம் வரைக்கும் சட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தேன். கோபம்கூட வந்தது உன்மேல். நானே வந்து முறிக்கிறேன் என்று சொன்னவள் வரவேண்டாமா?

கடைசியில் நகத்தை மடக்கிக்கொண்டு, நீ செய்கிற மாதிரி விரலுக்குள் வைத்துச் சாய்த்தேன். டக்கென்று முறிந்தது. கை தானாகத் தோளுக்குப் பின்னால் போய்க் கொழுந்தைப் போட்டது. கூடை எங்கே இருக்கிறது இங்கே? தரையில் விழுந்து கிடந்தது. ஆனால் போட்ட கை அங்கேயே நின்றது, உன் பிடி வந்து விழட்டும் என்று.

குனிந்து எடுத்துக் கழுவினேன். கேத்தலில் மழைத் தண்ணீர் வைத்தேன். ஒற்றைக் கொழுந்துக்குச் சாயம் எங்கே இறங்கும். வெறும் சுடுதண்ணீராகத்தான் இருந்தது. உன் பங்கையும் நானே குடித்துவிட்டேன்.