இலையின் அடிப்பக்கம்

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? அம்மா மாத்திரையை ஞாபகப்படுத்துகிறாளா?

இங்கே ஒரு சின்னக் கலாட்டா, பயந்துவிடாதீர்கள். எங்கள் நாற்றுப்பண்ணை தபாலில் அனுப்பிய ரோஜாச் செடிகளை மாநில எல்லையில் நிறுத்திவிட்டார்கள். இலைக்கு அடியில் பூச்சி முட்டையாம். ‘பூச்சி இல்லை’ என்ற சீட்டில் இருப்பது என் கையெழுத்து. அதிகாரி வந்து, இனி ஒரு செடிகூட வெளியே போகக் கூடாது என்று பண்ணைக்கே சீல் வைத்துவிட்டார்.

“ஒவ்வொரு இலையையும் திருப்பிப் பாத்தியாம்மா?” என்று கேட்டார்.

“பாத்தேன் சார்,” என்றேன். பார்த்தது உண்மைதான் அப்பா.

அன்றிலிருந்து முதலாளியம்மா என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. திங்கட்கிழமை அதிகாரி முன்னால் எல்லாச் செடிகளையும் நானே மறுபடி சோதித்துக் காட்ட வேண்டும். இன்னொரு முட்டை தப்பினால் வேலைக்கு வேட்டுதான்.

என் பழைய மூக்குக்கண்ணாடி பீரோவின் மேல்தட்டில் இருக்கும், அனுப்பி வையுங்கள். இங்கே போட்டிருந்தது உடைந்து ஒரு மாதமாகிறது. அவசரமில்லை, திங்களுக்குள் வந்தால் போதும். பாசத்தில் தோட்டத்து இலை எதையும் கூட வைத்துவிடாதீர்கள், அதையும் பிடித்துவிடுவார்கள்.

எழுத்து ஏன் இவ்வளவு பெரிதாக இருக்கிறது என்று அம்மா கேட்டால், தாள் நிறைய மிச்சமிருந்ததாம் என்று சொல்லிவிடுங்கள்.

தபால்காரர் வந்துவிட்டார்.

உங்கள் மகள்