கார் விட இடமில்லை

செவ்வாய்க்கிழமை, இரவு

இன்று ஒரு பொய்க்குக் கையெழுத்துப் போட்டேன். அந்தப் பொய்யைச் சொல்லிக் கொடுத்தவனும் நானே.

மகளின் பள்ளிக்கூடத்தையும், கறுப்பினப் பிள்ளைகள் படிக்கும் பக்கத்துப் பள்ளிக்கூடத்தையும் நகரக் கவுன்சில் ஒன்றாக்கப் போகிறதாம். எதிர்த்து மனு எழுதிய சிவம் அண்ணை, "காரணம் என்னெண்டு போடுறது?" என்று கேட்டார்.

"கார் விட இடமில்லை எண்டு போடுங்கோ அண்ணை. உள்ளதை எழுதினா மானம் போயிடும்," என்றேன்.

பள்ளிக்கூட வாசலில் நின்ற எல்லோரும் சிரித்தார்கள். அப்போது எங்கள் அடுத்த வீட்டுக் கிரேஸ் அந்த வழியால் வந்தாள். அவள் மகன் படிப்பது அந்தப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில். ஆங்கில மனுவில் பார்க்கிங் என்ற சொல்லை மட்டும் பார்த்துவிட்டு, பெரிய தலையிடிதான் என்று சொல்லி, நான் நீட்டிய பேனாவாலேயே அவளும் கையெழுத்திட்டாள்.

மனுவில் நான் எழுதியது தங்கச்சி வீட்டு முகவரி. மகளுக்கு இந்தப் பள்ளிக்கூடத்தில் இடம் எடுக்கக் கொடுத்ததும் அதுதான். எங்கள் சொந்த வீட்டு முகவரிக்குக் கவுன்சில் தரும் பள்ளிக்கூடம் கிரேஸின் மகனுடையது.