நான்கு முன்பிரதிகளும் நூற்றுப் பதினெட்டாம் பக்கமும்

டிக்கோயா,
03.03.2025

அன்பு மகள் ஷெரோமிக்கு அப்பா எழுதுவது. இறைவன் அருளால் நானும் அம்மாவும் சுகமாக இருக்கிறோம், மெல்பர்னில் நீயும் அப்படியே இருக்க வேண்டுமென்று தினமும் மன்றாடுகிறோம். இங்கே ஒரு கிழமையாக விடாத மழை, அம்மாவின் முழங்கால் வலி கொஞ்சம் தேவலை. போனில் சொன்னால் சிரித்தே மழுப்பிவிடுவாய், அதனால்தான் கடிதம்.

அச்சகத்திலிருந்து உன் நாவலின் முன்பிரதி நான்கும் வந்தன. புத்தகம் விற்பனைக்கு வருமுன்பே ஆட்கள் வாசித்து இன்டர்நெட்டில் விமர்சனம் போட வேண்டும், அப்போதுதான் முகம் தெரியாதவர்களும் வாங்குவார்கள், ஆனால் சொந்தக்காரர் எழுதக்கூடாது என்றாயே, அதிலேயே எனக்குத் தலை சுற்றியது. இந்தத் தேயிலைத் தோட்டத்தில் நமக்குச் சொந்தமில்லாதவர் யார்? யோகேஸ்வரன் வாத்தியார் நூற்றுக்கு எழுபத்தெட்டு என்று புள்ளி போட்டுக் கையெழுத்தும் வைத்துத் திருப்பித் தந்தார், அது விமர்சனத்தில் சேருமா தெரியவில்லை. பக்கத்து வீட்டுப் பேச்சியம்மா, நம்ம புள்ள எழுதுனதுல நான் என்னத்தக் கொற சொல்றது என்று வாசிக்காமலே சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டாள். முழுதாக வாசித்தது கோயில் பாடகர் குழு மார்கிரட் அக்கா மட்டும்தான். கதையில் கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் தராசு பிடிக்கிற அப்பா நெஞ்சுவலியில் சாகிறாரே, நானும் முப்பது வருஷம் தராசு பிடித்தவன், அக்காவுக்கு என்ன தோன்றியதோ, விமர்சனம் எழுதுவதற்குப் பதிலாக ஞாயிறு பூசை மன்றாட்டுக்கு என் பெயரைக் கொடுத்துவிட்டார். மத்தியாஸின் உடல்நலத்துக்காக என்று ஃபாதர் வாசிக்க, கோயிலே திரும்பி என்னைப் பார்த்தது. என்னங்க எங்கிட்ட மறைக்கிறீங்க என்று அம்மா அங்கேயே அழுதாள். ஆஸ்பத்திரிக்குப் போய் ஈசிஜி எடுத்துக் காட்டிய பிறகுதான் அடங்கினாள். எனக்கு ஒன்றுமில்லை, நீ பயப்படாதே.

இருபதாம் திகதிக்குள் ஒரு விமர்சனமாவது வராவிட்டால் மூன்று வருஷ உழைப்பு யார் கண்ணிலும் படாது என்றாய். அந்தக் கவலையில் மிச்சமிருந்த பிரதியை நானே வாசித்தேன். இன்டர்நெட்டில் எழுத எனக்கு அனுமதியில்லை, உனக்கே சொல்கிறேன். நன்றாக இருக்கிறது மகள், இரண்டு இடத்தில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். ஒரு இடம்தான் பிழை. நூற்றுப் பதினெட்டாம் பக்கத்தில் மகள் வெளிநாட்டிலிருந்து வந்து சேருமுன் அடக்கம் முடிந்துவிடுகிறது, அப்பா என்னை மன்னிக்கவே மாட்டார் என்று அவள் அழுகிறாள். அந்த அப்பாவை உனக்குச் சரியாகத் தெரியவில்லை. அவருக்குக் கோபமே வந்திருக்காது. அவ்வளவு தூரம் வந்த புள்ள, சாப்பிட்டுச்சா என்றுதான் கேட்டிருப்பார்.

உன் நெற்றியில் சிலுவை வரைந்து நாங்கள் இருவரும் ஆசீர்வதிக்கிறோம். அங்கே குளிர் தொடங்கினால் காதை மூடிக்கொள். அந்தப் பக்கத்தைத் திருத்தாமல் அச்சுக்குக் கொடுக்காதே.

உயிரோடும் சுகத்தோடும் இருக்கும்
உன் அப்பா,
மத்தியாஸ்