பூஜ்ஜியம் எண் பதிப்பு

மார்ச் 3, செவ்வாய்

இன்று முதல் நடந்ததை நடந்தபடி, கூட்டாமல் குறைக்காமல் எழுதப்போகிறேன். நோட்டில் எழுதினால் என் கையெழுத்து எனக்கே புரிவதில்லை, ஆகவே கணினியில்.

இன்றைய செய்தி: எங்கள் கணினி மன்றம் மூன்று மாதமாக எழுதிவரும் நூலக நிரலில், புத்தகத்தைத் திருப்பித் தரும் பகுதியைக் காணவில்லை. அதை எழுதியவள் சுருட்டை. (முடியால் வந்த பெயர். எனக்கு டிக்‌ஷனரி என்று பெயர் வைத்தவளும் அவள்தான்.) பொது ஃபோல்டரில் யாரோ பழைய பிரதி ஒன்றை மேலே போட்டிருக்கிறார்கள் போலும். இப்போது எங்கள் நிரலில் புத்தகம் எடுக்கலாம். திருப்பித் தர முடியாது. வகுப்பில் பலருக்கு இது பிடித்திருக்கிறது.

மார்ச் 4, புதன்

கம்ப்யூட்டர் மிஸ் பொது ஃபோல்டரைத் திறந்து பார்த்தார். ‘கடைசி’, ‘கடைசி2’, ‘இதுதான்கடைசி’, ‘சத்தியமாகடைசி’ என்று நான்கு பிரதிகள் இருந்தன.

“இதுல எதைம்மா நம்பறது? சத்தியம் பண்ணினதையா?”

அடுத்த புதன் தலைமையாசிரியை நிரலைப் பார்க்க வருகிறார். வேலை செய்யாவிட்டால் மன்றத்தின் ஒரு மணி நேரம் தட்டச்சு வகுப்புக்குப் போய்விடும். இனி பிரதி எடுக்கும் பிழைப்பு வேண்டாம், ஒவ்வொரு மாற்றத்தையும் தேதியோடு காத்துவைக்கும் மென்பொருள் ஒன்றுக்கு மாறுவோம் என்றார் மிஸ்.

“கிட், மெர்க்குரியல்னு ரெண்டு இருக்கு. எது நமக்குத் தோதுன்னு பாத்துச் சொல்லு. கையேடெல்லாம் உக்காந்து படிக்கிற ஆள் நீ ஒருத்திதான்.”

பெருமையாக இருந்தது. சோதிக்க உண்மையான எழுத்து வேண்டுமே? இந்த நாட்குறிப்பையே இரண்டிலும் போட்டேன். முதல் பதிப்புக்கு மெர்க்குரியல் பூஜ்ஜியம் என்று எண் கொடுத்தது. கிட் கொடுத்தது நாற்பது எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு கோவை. யாரோ விசைப்பலகையில் முழங்கையை ஊன்றியது போல் இருக்கிறது.

மார்ச் 5, வியாழன்

மிஸ் எல்லோரையும் நிறுத்தி, பழைய பிரதியை மேலே போட்டது யார் என்று கேட்டார். யாரும் கை தூக்கவில்லை. பிறகு சுருட்டையைப் பார்த்தார்.

“எழுதினேன்னு சொல்ற. எங்க?”

“எழுதினேன் மிஸ்.”

“புதன்கிழமைக்குள்ள காட்டு. இல்லன்னா அன்னிக்கு நீ உள்ள வர வேண்டாம்.”

வீட்டுக்குப் போகும் வழியில் சுருட்டை எனக்கு முன்னால் வேகமாக நடந்தாள்.

செவ்வாய்ப் பதிவில் சில பிழைகள் கண்ணில் பட்டன; திருத்தி இரண்டிலும் சேமித்தேன். ஒரு வாக்கியம் தேவைக்கு மேல் நீளமாக இருந்தது.

மார்ச் 6, வெள்ளி

சோறு இறங்கவில்லை. கையேடு ஐம்பது பக்கம் இறங்கியது.

மார்ச் 7, சனி

வீட்டில் அப்பா, அம்மாவை வைத்துச் சோதனை. தேர்வு: கடைச் சாமான் பட்டியலை எழுதிச் சேமிக்க வேண்டும், ஒன்றை மாற்றிச் சேமிக்க வேண்டும், பழைய பட்டியலுக்குத் திரும்ப வேண்டும். நான் ஸ்டாப்வாட்சோடு பக்கத்தில்.

கிட்டில் மாற்றத்தை முதலில் ‘ஆட்’ என்று தனியே எடுத்துவைத்து, பிறகு ‘கமிட்’ என்று உறுதி செய்ய வேண்டும். மெர்க்குரியலில், ஒரு கோப்பை முதல் முறை சேர்த்துவிட்டால், அதன் பிறகு ‘கமிட்’ மட்டும் போதும்.

அப்பா தையல்காரர். அவருக்குக் கிட் உடனே பிடித்துவிட்டது. “முதல்ல நூலோட்டிப் பாத்துட்டு அப்புறம் மெஷின்ல தைக்கிற மாதிரி. யாரோ தொழில் தெரிஞ்சவன் பண்ணிருக்கான்.” ஆனால் கமிட் செய்யும்போது குறிப்பு எழுத மறந்தார். ஒரு கறுப்புத் திரை திறந்தது. அதிலிருந்து வெளியேற வழி தெரியாமல் பன்னிரண்டு நிமிடம் போராடினார். கடைசியில் ப்ளக்கைப் பிடுங்கினார். அதை ‘வெளியேறினார்’ என்று பதிவதா, கூடாதா?

அம்மா மருத்துவமனையில் செவிலியர். “மருந்து குடுத்தமா, சார்ட்ல எழுதினமான்னு இருக்கணும். என்னதிது, ரெண்டு தடவை கேக்குது? என்மேல சந்தேகமா?” அம்மாவின் ஓட்டு மெர்க்குரியலுக்கு. பட்டியலில் தவறாக எழுதியதை நான் அழிக்கப் போனபோது கையைத் தட்டிவிட்டார். “அழிக்கற வேலையே எங்க வார்டுல கிடையாது. தப்பா எழுதினியா, மேல ஒரே ஒரு கோடு. கீழ இருக்கறது தெரியணும். பக்கத்துல கையெழுத்து.”

இதை மிஸ்ஸுக்கு எழுதும் அறிக்கையில் சேர்க்கவில்லை. தலைப்புக்குத் தொடர்பில்லாதது.

மார்ச் 9, திங்கள்

கணினி ஆய்வகத்துச் சாவி லேப் அக்காவிடம்தான். சரியாக ஐந்து மணிக்கு விளக்கை அணைப்பார். யார் என்ன எழுதிக்கொண்டிருந்தாலும் அவருக்குக் கவலையில்லை. இன்று அவரைச் சோதித்தேன். கிட்டில் பழைய பதிப்புக்குப் போனதும், தலை கழன்ற நிலையில் இருக்கிறீர்கள் என்று ஆங்கிலத்தில் எச்சரித்தது. மொழிபெயர்த்துச் சொன்னேன். (தலை என்றால் பதிப்பு வரிசையின் நுனி.)

“யார் தலை? என் தலையா? நான் ஒண்ணுமே பண்ணலையே!”

மெர்க்குரியலுக்கு மாறினோம். பழைய பதிப்பில் நின்றபடியே ஒரு மாற்றத்தைச் சேமித்தார். புதிய தலை ஒன்று உருவானது என்றது.

“ஒண்ணு கழட்டுது, இன்னொண்ணு முளைக்க வைக்குது. எனக்கு ரெண்டும் வேண்டாம், இருக்கறதே போதும்.”

மார்ச் 10, செவ்வாய்

நடந்ததை நடந்தபடி.

கடைசிச் சோதனைக்குச் சுருட்டை வந்தாள். “எழுதினதை மறுபடி எழுத உக்காந்தா வரவே மாட்டேங்குது டி. சரி, உன் சோதனையையாவது முடிச்சுத் தரேன்” என்றாள். நேற்று லேப் அக்கா புதுத் தலை முளைக்க வைத்ததில் சாமான் பட்டியல் குழம்பிப்போயிருந்தது. அதனால் இந்த நாட்குறிப்பையே கொடுத்தேன். எல்லாவற்றையும்தான் திருத்திவிட்டேனே, என்ன பயம் என்று நினைத்தேன். எதுவுமே அழியாமல் காப்பதற்கென்றே இருக்கும் மென்பொருளைப் பற்றி ஒன்பது பக்கம் எழுதியவள் நான்!

“ஏதாவது ரெண்டு பதிப்புக்கு நடுவுல என்ன மாறியிருக்குன்னு கண்டுபிடி” என்று ஸ்டாப்வாட்சை அழுத்தினேன். மெர்க்குரியலில் அவள் பூஜ்ஜியத்தையும் ஒன்றையும் ஒப்பிடச் சொன்னாள். பதினோரு விநாடி. இதுவரை யாரும் தொடாத வேகம். திரையில் (கழித்தல் குறி போட்டது நீக்கிய வரி, கூட்டல் குறி போட்டது சேர்த்த வரி):

− நான்தான். வீட்டிலிருந்து கொண்டுவந்த என் பழைய பிரதியைப் பொது ஃபோல்டரின் மேல் போட்டேன். ஏற்கெனவே இருப்பதை மாற்றவா என்று கேட்டது, ஆம் என்றேன்.

+ பொது ஃபோல்டரில் யாரோ பழைய பிரதி ஒன்றை மேலே போட்டிருக்கிறார்கள் போலும்.

சுருட்டை இரண்டு முறை படித்தாள்.

“‘போலும்’? ‘போலும்’ வேறயா டி?”

என் வாயில் ஒரு சொல்கூட வரவில்லை. டிக்‌ஷனரியாம்.

“முதல்ல அந்த ஸ்டாப்வாட்சை நிறுத்து.”

நான்கு நிமிடம் இருபது விநாடி ஓடியிருந்தது. எழுந்து மிஸ்ஸிடம் போனேன். அழுதுகொண்டே சொன்னதால் மூன்று தடவை சொல்ல வேண்டியிருந்தது. மிஸ் கத்தவில்லை. “அப்போ நாளைக்கு உள்ள வராதது நீ” என்றார்.

திரும்பி வந்தபோது சுருட்டை எழுத ஆரம்பித்திருந்தாள். “உக்காரு. நான் சொல்லச் சொல்ல அடி. நீயா எதையும் யோசிக்காத.” அடித்தேன்.

மார்ச் 11, புதன்

தலைமையாசிரியை வந்தபோது நான் ஆய்வகத்துக்கு வெளியே, சன்னலருகே நின்றேன். அவர் ஒரு புத்தகத்தை எடுத்தார். திருப்பித் தந்தார். நிரல் வாங்கிக்கொண்டது. மறுபடி எடுத்தார், மறுபடி தந்தார். விளையாட்டு பிடித்துவிட்டது போலிருந்தது. தட்டச்சு வகுப்பு வேறு இடம் பார்க்க வேண்டும்.

மிஸ் என் அறிக்கையில் முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் படித்தார். புதிதாகக் கற்பவர்களுக்கு மெர்க்குரியலே எளிது என்று எழுதியிருந்தேன். “நல்லா எழுதியிருக்க. ஆனா வெளியில பெரும்பாலும் கிட்தான். பழகிக்கோங்க” என்று கிட்டையே வைத்துக்கொண்டார்.

சுருட்டை வெளியே எட்டிப் பார்த்தாள். “வா, ஏத்தணும். அந்த ஆட், கமிட் உனக்குத்தானே தெரியும்? ஆனா என்டரை நான்தான் அழுத்துவேன்.”

முதல் கமிட்டுக்கு அவள் சொன்ன குறிப்பு: “திருப்பித் தரும் பகுதி. மறுபடியும்.” என்டரை அழுத்துமுன் என்னை ஒரு முறை பார்த்தாள். சிரித்தாள் என்று எழுத முடியாது, முறைக்கவில்லை.

செவ்வாய்ப் பதிவை மறுபடி மாற்றவில்லை. அந்த ‘யாரோ’ அப்படியே இருக்கட்டும். பக்கத்தில் கையெழுத்துப் போட அங்கே இடமில்லை. ஆகவே இங்கே எழுதுகிறேன்: நான்.

ஐந்து மணி. லேப் அக்கா விளக்கை அணைத்துவிட்டார்.