குழாய் பெரியப்பாவுக்குப் புதுசா?

அன்புள்ள பெரியப்பா,

ஆஸ்பத்திரியில் அந்த டாக்டரம்மா உங்களைத் தொடுவதற்கு முன், "ஐயா, ஸ்டெதஸ்கோப்ப நெஞ்சுல வச்சுப் பாக்கப் போறேன்" என்று உங்கள் காதில் சொன்னார். உங்களுக்கு நினைவே இல்லை. ஆனாலும் சொன்னார். அதைத்தான் நான் முதலில் கவனித்தேன்.

பிறகு எங்களை அழைத்தார். மூளையில் ரத்தக்கசிவு பெரிது, நினைவு திரும்புவது மிகவும் கடினம், மூச்சும் தளர்கிறது, தொண்டையில் குழாய் வைத்து மெஷினில் இணைக்கவா என்று கேட்டார். உங்கள் மகன் அந்தோணி அண்ணன் யோசிக்கவே இல்லை.

"எங்கப்பா சங்கு குளிச்ச ஆளு, டாக்டரம்மா. காலமெல்லாம் கம்பிரஷர் ஓஸ்ல மூச்சு விட்டவரு. குழாய் அவருக்குப் புதுசா? போடுங்க."

எனக்கும் முதலில் அது சரியென்றே பட்டது. படகிலிருந்து காற்று வரும் ஓஸோடு கடலடிக்கு இறங்குவீர்கள். இடுப்பில் கட்டிய கயிற்றை இழுத்தால் படகில் இருப்பவர்கள் மேலே தூக்குவார்கள். எப்போதும் அப்படித்தானே?

டாக்டரம்மா கோபப்படவில்லை. "நான் முன்ன வேலை பாத்த நாட்டுல, நோயாளி எதுவும் எழுதி வச்சிருக்காரான்னு பாப்போம். இங்க வீட்டு ஆளுங்களக் கேக்குறோம். ஆனா உங்க விருப்பத்த நான் கேக்கல. அவரு இப்பப் பேசினா என்ன சொல்லுவாரு?"

எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு, தளர்ந்துபோன உங்களுக்குக் கஞ்சி ஊட்டியவள் நான். பக்கத்து வீட்டுக்காரர் மெஷினில் கிடந்தபோது நீங்கள் சொன்னது எனக்கு மட்டும்தான் தெரியும். அப்போதுதான் அது நினைவுக்கு வந்தது, அண்ணனிடம் சொன்னேன்.

"அண்ணே, கயித்த இழுக்கத் தெம்பில்லாதவன அடியில எறக்காதியன்னு பெரியப்பா சொன்னாவ."

"ஏளா, சும்மா கெட. அப்பன மூச்சு முட்டக் கொன்னுட்டான்னு ஊரு பேசவா?" என்று சீறினார் அண்ணன்.

"நீங்க கொல்லல. வலி இல்லாம நாங்க பாத்துக்கிறோம்" என்றார் டாக்டரம்மா.

அண்ணன் உங்கள் கையைப் பிடித்துப் பார்த்தார். விரல் அசையவில்லை. "வேண்டாம்" என்று சொல்லி அழுதார்.

மறுநாள் மதியம், பெரியம்மா உங்கள் நெற்றியைத் தடவிக்கொண்டிருக்கும்போதே போனீர்கள். முகத்தில் வேதனை இல்லை. நன்றி, பெரியப்பா. நீங்கள் சொல்லி வைக்காமல் போயிருந்தால் நாங்கள் எதைப் பிடித்துக்கொண்டு நின்றிருப்போம்? ஊரில் கேட்பவர்களிடம், "அப்பா சொன்னதத்தான் கேட்டேன்" என்கிறார் அண்ணன். நிமிர்ந்துதான் சொல்கிறார்.

அடக்கம் முடிந்த வாரம், மீன் கழுவிக்கொண்டிருந்த அம்மாவிடம் கேட்டேன்: "எம்மா, ஒனக்குப் பேச முடியாமப் போனா நான் டாக்டர்ட்ட என்ன சொல்லணும்?"

"கருநாக்குக்காரி! எனக்கு என்ன கேடு?" என்று வைதாள். பிறகு கையைக் கழுவிவிட்டு வந்து, மெதுவாகச் சொல்லத் தொடங்கினாள். ஒன்றையும் மறக்கமாட்டேன், பெரியப்பா. குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டேன்.

உங்கள் தம்பி மகள்,
மரியா